காணாததை இல்லை என்பது

வலைச் செயலிகளின் வேகத்தையும் நலத்தையும் கண்காணிக்கும் திறமூல மென்பொருள்களில் புரோமித்தியஸ் மிகப் பரவலானது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. அதில் எழுதப்படும் அலர்ட் விதிகளில் மிக எளியது இப்படி இருக்கும்: கடந்த ஐந்து நிமிடங்களில் வந்த ரிக்வெஸ்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிழையில் முடிந்தால் அலர்ட் அனுப்பு. சர்வர் தடுமாறினால் அலர்ட் வரும். சீராக ஓடினால் வராது. சர்வர் அடியோடு விழுந்துவிட்டால்? அப்போதும் வராது. பிழைகளை எண்ணிச் சொல்ல வேண்டியதும் அந்தச் சர்வர்தான். அது விழுந்த சில நிமிடங்களில் கணக்கிட எண்களே இல்லாமல் போகின்றன. இல்லாத எண்ணை ஐந்தோடு ஒப்பிடச் சொன்னால் புரோமித்தியஸ் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. வெற்று விடை தரும். வெற்று விடைக்கு அலர்ட் கிடையாது. நன்றாக ஓடும் சர்வரும் செத்துப்போன சர்வரும் இந்த விதியின் முன் ஒரே மாதிரி அமைதியாக இருக்கின்றன. தொழில் தெரிந்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். புரோமித்தியஸ் ஒவ்வொரு முறை சர்வரிடம் போய் எண்களைக் கேட்கும்போதும், பதில் கிடைத்ததா என்பதை 'அப்' என்ற பெயரில் தானே குறித்துக்கொள்கிறது. பதில் இல்லையென்றால் அது 0 ஆகும். அதற்கு ஓர் அலர்ட் வைக்கலாம். ஆனால் கேட்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிலிருந்தே அந்தச் சர்வர் நழுவிவிட்டால், 'அப்' என்ற குறிப்பும் மறைந்துபோகும்; 0 என்று சொல்லக்கூட எதுவும் மிஞ்சாது. இதற்காகவே 'அப்சென்ட்' என்று ஒரு தனி ஏற்பாடு அந்த மென்பொருளில் இருக்கிறது. இன்ன எண் வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஆக்கித் தருவது அதன் ஒரே வேலை.

இந்தச் சிறிய ஏற்பாடு தொடும் சிக்கல் கணினிகளுக்கு மிக முந்தியது. 'நான் எதையும் காணவில்லை' என்பதிலிருந்து 'அங்கே எதுவும் இல்லை' என்ற முடிவுக்கு எந்த உரிமையில் போகிறோம்? இந்தியத் தத்துவ மரபு இதை நூற்றாண்டுகளாக விடாமல் விவாதித்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் தங்கள் கொள்கைகளைச் சொல்லவரும்போது, முதலில் பேசும் அளவைவாதி அறிவின் வழிகளை வியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் வகுத்ததாகச் சொல்லிப் பத்தையும் விளக்குகிறான். அவற்றில் ஒன்று அபாவம், அதாவது இன்மையை அறியும் வழி. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் அளவையியலில் இதே பட்டியலை எடுத்துக்கொண்டு, எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறார். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டர், இன்மையை அறிவதற்குத் தனி வழியே வேண்டும் என்று வாதாடியவர். கண்ணால் காண்பது இருப்பதை மட்டுமே, இல்லாததைக் கண் எப்படித் தொடும் என்பது அவர் கேள்வி. பிரபாகரரோ, வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் 'குடத்தின் இன்மை' என்று தனியாக ஒன்றும் கிடையாது என்றார். பௌத்தரான தர்மகீர்த்தி இன்மை அறிவை அனுமானத்தில் சேர்த்தார். நியாய மரபினர் அதைக் காட்சியிலேயே சேர்த்தார்கள். எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் கடைசிவரை ஒத்துப்போகாதவர்கள், ஒரு நிபந்தனையில் மட்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபட்டார்கள்.

அந்த நிபந்தனை தகுதி, வடமொழியில் யோக்கியதை. ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் எனக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால்தான், தெரியாமல் போனது இன்மைக்குச் சான்றாகும். நல்ல வெளிச்சத்தில், நல்ல கண்ணோடு, காலியான தரையைப் பார்ப்பவர் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் நிற்பவர் சொல்ல முடியாது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தில் வாழ்ந்த தர்மராஜாத்வரீந்திரர், வேதாந்த பரிபாஷை என்ற நூலில் இதை மிகத் தெளிவாக வைக்கிறார்: 'இருந்திருந்தால் தெரிந்திருக்கும்' என்று தர்க்கத்தால் ஏற்றிப் பார்த்து, அந்த ஏற்றம் நிற்கிறதா என்று சோதித்த பிறகே 'இல்லை' என்பது அறிவாகிறது. தர்மகீர்த்தியும் இதையே வேறு முனையிலிருந்து சொன்னார்: காணத்தக்கதைக் காணாமல் போனால் இல்லை என்று முடிவுகட்டலாம், காணத்தகாததைக் காணாமல் போனால் எஞ்சுவது ஐயம் மட்டுமே. கண்காணிப்பை அமைக்கும் ஒருவர் செய்யும் வேலைக்கு இதைவிடக் கறாரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது என்றால், 'கெட்டது எதையும் காணவில்லை' என்று பொருள். 'கெட்டது எதுவும் இல்லை' என்று அதைப் படிக்கும் உரிமை, அந்தக் கருவி கெட்டதைக் காட்டத் தகுதியுள்ளதாக இருந்தால் மட்டுமே நமக்கு உண்டு. அந்தத் தகுதியை உண்டாக்கும் பொறுப்பு அமைப்பவருடையது. ஆகவே எதை அளப்பது, எங்கே நின்று அளப்பது என்ற முடிவுகள், தொழில்நுட்ப முடிவுகளாக இருக்கும்போதே, யாருடைய துன்பம் அறியப்படத் தக்கது என்ற முடிவுகளாகவும் இருக்கின்றன. இதுதான் என் வாதம்.

தகுதியின்மை எவ்வளவு சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்கு அதே புரோமித்தியஸில் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு ரிக்வெஸ்டுக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை அது தனித்தனியாகச் சேமிப்பதில்லை. நேர எல்லைகளால் பிரித்த வாளிகளில் போட்டு எண்ணுகிறது. கோ மொழிக்கான அதன் நூலகத்தில் நாம் எதையும் மாற்றாவிட்டால், அந்த வாளிகள் 0.005 விநாடியில் தொடங்கி 10 விநாடியில் முடிகின்றன. அதற்கு மேற்பட்டவை எல்லாம் எல்லையில்லாத கடைசி வாளியில் விழும். 99ஆவது பர்சென்டைல், அதாவது நூற்றில் 99 ரிக்வெஸ்டுகள் முடிந்திருக்கும் நேரம், எவ்வளவு என்று கேட்கும்போது விடை அந்தக் கடைசி வாளிக்குள் இருந்தால், அதற்கு முந்திய வாளியின் மேல் எல்லையையே புரோமித்தியஸ் விடையாகத் தரும். அதாவது 10 விநாடி. உண்மையில் அந்த ரிக்வெஸ்டுகள் 11 விநாடி எடுத்தனவா, ஐந்து நிமிடம் எடுத்தனவா என்பது கிராஃபில் தெரியாது. 10 என்ற உயரத்தில் ஒரு தட்டையான கோடு ஓடும். பத்து விநாடிக்கு மேற்பட்ட எதையும் காணத் தகுதியில்லாத கண் அது. இதை மறைக்க யாரும் சதி செய்யவில்லை, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து 'மிஞ்சிப்போனால் பத்து விநாடிதான்' என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, இருட்டறையில் நின்று குடம் இல்லை என்று சொல்கிறார்.

வேக அளவீட்டைப் பற்றி நெடுங்காலம் பேசிவரும் கில் டேனே காட்டும் இன்னொரு கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரு சர்வர் விநாடிக்கு 100 ரிக்வெஸ்டுகளை, ஒவ்வொன்றையும் ஒரு மில்லிவிநாடியில், 100 விநாடிகளுக்குச் செய்து முடிக்கிறது. பிறகு 100 விநாடிகள் உறைந்துபோகிறது. லோட் டெஸ்ட் செய்யும் கருவி, ஒரு ரிக்வெஸ்டுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் வகை என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில் அதற்கு 10,000 நல்ல முடிவுகள் கிடைக்கும். உறைந்த நேரத்தில் அதுவும் சேர்ந்து காத்திருப்பதால், கெட்ட முடிவு ஒன்றே ஒன்றுதான் பதிவாகும். சராசரி ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. 99.99ஆவது பர்சென்டைல் ஒரு மில்லிவிநாடி. இதைவிடச் சிறந்த சர்வர் உண்டா என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் ஒருவருக்குப் பதில் வரும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை. அந்த 100 விநாடிகளிலும் அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால் உண்மையான சராசரி 25 விநாடி. நால்வரில் ஒருவர் 50 விநாடிக்கு மேல் காத்திருந்திருப்பார். சர்வர் எப்போது மோசமாக இருக்கிறதோ, சரியாக அப்போதே கருவி கண்ணை மூடிக்கொள்கிறது. தற்செயலாக விடுபடுவது வேறு; அளக்கப்படும் தீமையே அளப்பதை நிறுத்திவைப்பது வேறு. முதலாவதைக் கூடுதல் தரவு சரிசெய்யும். இரண்டாவதில் தரவு கூடக்கூடப் பொய்யின் மீதான நம்பிக்கை மட்டுமே கூடும்.

இதன் மனித முகத்தைக் காட்டுவது யூடியூபில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அங்கே பொறியாளராக இருந்த கிறிஸ் சகாரியாஸ் அதைப் பின்னர் எழுதிவைத்திருக்கிறார். வீடியோ பார்க்கும் பக்கம் அப்போது 1.2 மெகாபைட் வரை பெருத்திருந்தது. அதை 100 கிலோபைட்டுக்குக் கீழே கொண்டுவருவது என்று தீர்மானித்து, அவர் அந்தப் பக்கத்தை அடியிலிருந்து எழுதினார். ஃபெதர் என்று பெயர். ரிக்வெஸ்டுகளின் எண்ணிக்கை 14 ஆகக் குறைந்தது. ஒரு பகுதிப் பார்வையாளர்களுக்கு அதைத் திறந்துவிட்டுச் சில நாள் கழித்து எண்களைப் பார்த்தபோது, பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. பத்தில் ஒரு பங்காக இளைத்த பக்கம் எப்படி மெதுவாகத் திறக்கும்? எண்களை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் தொலைதூரப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து புதிதாக மக்கள் வந்திருந்தார்கள். ஃபெதரிலும் அவர்களுக்குப் பக்கம் திறக்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது. பழைய பக்கமாக இருந்தால் இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் அதுவரை யாரும் முழுதாகத் திறக்கும்வரை காத்திருந்ததே இல்லை. காத்திருக்காதவரின் நேரம் சராசரியில் ஏறாது. இரண்டு நிமிடத்தில் ஒரு வீடியோவைப் பார்க்கலாம் என்று ஆனதும் அவர்கள் தங்கினார்கள், பதிவானார்கள், சராசரியைக் கெடுத்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை எண்களைச் சரியாகப் பிரித்துப் படிக்கும் பாடமாகச் சொல்வது வழக்கம். அது போதாது. ஃபெதருக்கு முந்திய டாஷ்போர்டை எண்ணிப்பாருங்கள். அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் உண்மை. பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆன நேரம் அதுதான். அந்த எண்களை எவ்வளவு கூர்ந்து படித்தாலும், எத்தனை பர்சென்டைலாகப் பிரித்தாலும், சைபீரியாவில் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு எழுந்துபோனவர் அதில் அகப்பட மாட்டார். மிக மோசமாக நடத்தப்பட்டவர் எவரோ அவர்தான் மிக முழுமையாக மறைந்திருந்தார். இது ஒரு நிறுவனத்தின் தனிக் குறை இல்லை. பக்கத்தோடு அனுப்பும் நிரலைக் கொண்டு, பயன்படுத்துபவரின் பிரவுசரிலிருந்து அளக்கும் முறைகளில் இது உள்ளார்ந்து இருக்கிறது. அளக்கும் சிறு நிரலே அந்தப் பக்கத்தோடு சேர்ந்துதான் இறங்க வேண்டும். பக்கம் இறங்காத இடத்தில் அதுவும் இறங்காது. அங்கிருந்து எந்தப் புகாரும் வராது. பழைய போன், நெரிசலான டவர், தீரும் நிலையில் டேட்டா என்று இருப்பவர்கள் முதலில் விடுபடுகிறார்கள். நல்ல போனும் நல்ல இணைப்பும் உள்ளவர்கள் ஏறத்தாழ ஒருவர் விடாமல் எண்ணப்படுகிறார்கள். வசதியுள்ளவரின் சிறு எரிச்சல் கிராஃபில் தெரிகிறது. வசதியில்லாதவரின் முழுத் தோல்வி அங்கே வெற்றிடமாகக்கூடத் தெரிவதில்லை.

தகுதி என்ற இந்த நிபந்தனை சமய விவாதத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டின் நியாய ஆசிரியர் உதயணர், நியாய குசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், இறைவனைக் காணவில்லை ஆகவே இறைவன் இல்லை என்ற வாதத்தை இதைக் கொண்டே மறுக்கிறார். புலன்களுக்கு எட்டத்தக்க பொருளைக் காணாமல் போனால்தான் அதன் இன்மை நிறுவப்படும். இறைவன் அப்படி எட்டத்தக்கவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே காணாமை எதையும் நிறுவாது. இந்த மறுப்பு இறைவன் உண்டு என்பதை நிறுவிவிடாது. உதயணருக்கும் அது தெரியும். அதற்கு அவர் வேறு அனுமானங்களைத் தேடிப்போகிறார். மறுப்பவரின் வழியை அடைப்பதோடு இந்த நிபந்தனையின் வேலை முடிகிறது. நாத்திகரும் ஆத்திகரும் ஒருபோல் மதிக்க வேண்டிய நேர்மை அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் உதயணரின் வழக்குக்கும் நம்முடையதற்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இறைவன் புலனுக்கு எட்டாதது, அவர் கருத்துப்படி, இயல்பால். அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நம் கருவிக்கு எட்டாத மனிதர் எட்டாமல் போனது நாம் அளவியை எங்கே வைத்தோம் என்பதால். வாளிகளின் எல்லையை நாம் விட்டுவைத்தோம். பதிலுக்குக் காத்திருக்கும் கருவியை நாம் தேர்ந்தெடுத்தோம். அளக்கும் நிரலைப் பக்கத்தின் கடைசியில் நாம் ஏற்றினோம். தகுதியின்மை இங்கே செய்யப்பட்ட ஒன்று. செய்யப்பட்ட அறியாமைக்கு 'எனக்குத் தெரியாது' என்பது மன்னிப்பாகாது.

இதை ஏற்காதவர்கள் சொல்வதில் வலுவானது செலவு பற்றியது. எல்லாவற்றையும் அளக்க முடியாது. மாதிரி எடுத்தே ஆக வேண்டும். புள்ளியியல் அதை நியாயப்படுத்துகிறது. உண்மைதான். கூகுள் தன் டாப்பர் என்ற அமைப்பைப் பற்றி 2010இல் வெளியிட்ட கட்டுரையில், 1,024 ரிக்வெஸ்டுகளில் ஒன்றை மட்டும் முழுதாகத் தொடர்வது அதன் முதல் வடிவத்தில் பெரிய சேவைகளுக்குப் போதுமானதாக இருந்ததைச் சொல்கிறது. காரணமும் சரியானதே: கோடிக்கணக்கில் ரிக்வெஸ்டுகள் வரும் இடத்தில், முக்கியமான கோளாறு ஒருமுறை நடந்தால் ஆயிரம் முறை நடக்கும், மாதிரியில் அகப்படாமல் போகாது. அதே கட்டுரை, நெரிசல் குறைந்த சேவைகளில் இந்த விகிதம் முக்கியமானதைத் தவறவிடும் என்றும், ஆகவே விகிதத்தைச் சேவைக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது என்றும் ஒப்புக்கொள்கிறது. மாதிரி எடுப்பவர்களே தங்கள் கருவியின் தகுதிக்கு எல்லை வகுத்துக்கொண்டார்கள். நான் கேட்பதும் அவ்வளவே. மேலும், மாதிரி நியாயமாக இருப்பது வந்துசேர்ந்தவர்களுக்கிடையில் மட்டும். வராமலே போனவர்களை 1,024இல் ஒன்றாக எடுத்தாலும் ஒன்றில் ஒன்றாக எடுத்தாலும் கிடைப்பது சுழியம்தான். மிகச் சிறிய பங்கினருக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு, கூகுளைச் சேர்ந்த ஜெஃப் டீனும் லூயிஸ் அந்திரே பரோசோவும் 2013இல் காட்டிய கணக்கு இருக்கிறது. ஒரு சர்வர் நூற்றில் ஒருமுறைதான் ஒரு விநாடிக்கு மேல் எடுக்கிறது. ஒரு பக்கத்தை உருவாக்க அப்படிப்பட்ட 100 சர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். எல்லாம் வந்தால்தான் பக்கம் முழுமையாகும். அப்படியானால் பயன்படுத்துபவர்களில் 100க்கு 63 பேர் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பார்கள். ஒவ்வொரு சர்வரின் டாஷ்போர்டிலும் ஒரு சதவீதமாகத் தெரிவது மக்களிடம் போய்ச்சேரும்போது பெரும்பான்மையாகிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. எதைத் தவறவிடுகிறோம் என்று தெரிந்தால் அதை அளந்திருப்போம். தெரியாததை எப்படித் தேடுவது? நீங்கள் கேட்கும் தகுதி எவருக்கும் எட்டாதது. இதற்கும் அதே மரபில் விடை இருக்கிறது. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வதை அருத்தாபத்தி என்பார்கள். தனித்தனியே உறுதியான இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, பொருந்தவைக்கும் மூன்றாவதை ஏற்க வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. இரவில் அவனை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. கண்காணிப்பில் இதன் வடிவம், ஒன்றையொன்று சாராத இரண்டு எண்ணிக்கைகளை அருகருகே வைப்பது. வாசலில் நிற்கும் லோட் பேலன்சரின் லாகில் எத்தனை பேர் பக்கத்தைக் கேட்டார்கள் என்று இருக்கும். பிரவுசருக்குள்ளிருந்து எத்தனை பேரின் அளவீடு திரும்பிவந்தது என்பது வேறு கணக்கு. முதலாவது ஆயிரம், இரண்டாவது எழுநூறு என்றால், நடுவில் முந்நூறு பேருக்கு ஏதோ நடந்திருக்கிறது. சிலர் அளக்கும் நிரலைத் தடுக்கும் பிளாக்கர் வைத்திருக்கலாம். சில ரிக்வெஸ்டுகள் மனிதர்களே அனுப்பாதவையாக இருக்கலாம். சிலர் வெள்ளைத் திரையோடு போயிருக்கலாம். எது எவ்வளவு என்று இந்த எண் சொல்லாது. ஆனால் அங்கே ஓர் இருட்டு இருக்கிறது, அதன் அளவு இவ்வளவு, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறது என்று சொல்லும். காரணம் தெரியாமலே இன்மையை எண்ண முடிகிறது. பணம் செலுத்தத் தொடங்கியவர்களுக்கும் ரசீது பெற்றவர்களுக்கும், பதிவு செய்யத் தொடங்கியவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் இதே கணக்கைப் போடலாம். பகுதி எண்களை மட்டும் சேர்த்துவைக்கும் டாஷ்போர்டுகள் எத்தனையோ. மொத்தம் எவ்வளவு என்பதை வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து அருகில் வைப்பவை மிகக் குறைவு.

பிறகு அநவஸ்தை என்ற முடிவில்லாத் தொடர். சர்வரைப் பார்க்க ஒரு கருவி, கருவியைப் பார்க்க இன்னொன்று, அதைப் பார்க்க வேறொன்று என்று போனால் எங்கே நிற்பது? இதுவும் பழைய சண்டைதான். எழுந்த அறிவு, அதன் குறை தெரியவரும்வரை தானே மெய் என்று மீமாம்சகர் சொன்னார்கள். ஓர் அறிவை மெய்ப்பிக்க மற்றொன்று வேண்டுமென்றால் தொடர் முடியாதே என்பது அவர்கள் அச்சம். மெய்ம்மை புறத்திலிருந்தே உறுதிப்படும் என்றது நியாயம். தொலைவில் தெரிவது நீரா கானலா என்பதைப் போய்க் குடித்துத் தாகம் தணிந்ததா என்று பார்த்தால் தெரியும். செயலில் தொடர் நிற்கிறது. கண்காணிப்புத் தொழில் இரண்டிடமும் கற்றிருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் நின்றபோது, சேவைகளின் நிலையை உலகுக்குச் சொல்லும் அதன் பக்கத்தை மணிக்கணக்கில் மாற்ற முடியவில்லை. அந்தப் பக்கத்தை இயக்கும் அமைப்பே எஸ்3ஐச் சார்ந்திருந்தது என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. தான் சாட்சி சொல்ல வேண்டிய பொருளின்மேலேயே நின்றிருந்த சாட்சி அது. அப்படிப்பட்ட சாட்சிகளை எத்தனை அடுக்கினாலும் பயனில்லை. சார்பு இல்லாத ஒன்று போதும். புரோமித்தியஸை நிறுவுபவர்கள் பலர் 'வாட்ச்டாக்' என்றோர் அலர்ட் வைக்கிறார்கள். அது எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே, வேறோர் இடத்தில் இருக்கும் சேவை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒலி நின்றால் மனிதரை எழுப்பும். மௌனத்தை நலமாகப் படிக்கும் வழக்கத்தை அப்படியே தலைகீழாக்கி, மௌனத்தையே அலர்ட்டாக ஆக்கிவிட்டார்கள். நியாயம் சொன்ன குடித்துப் பார்த்தலும் நடைமுறையில் உண்டு: சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தானியங்கி நிரல், வெளி நெட்வொர்க்கிலிருந்து, சாதாரண வாடிக்கையாளரைப் போல உள்ளே நுழைந்து, பொருளைத் தேடி, கூடையில் போட்டு, கடைசிவரை போய்ப் பார்க்கும். உள்ளே எத்தனை கிராஃப் பச்சையாக இருந்தாலும், இந்த நடை முடியவில்லையென்றால் செயலி ஓடவில்லை.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. எல்லோரையும் காணத்தக்கவர்களாக ஆக்க வேண்டும் என்பது, எல்லோரையும் கண்காணிக்க வேண்டும் என்பதாக முடியாதா? தன்னை அளக்க வேண்டாம் என்று பிளாக்கர் போட்டவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அதை மீறி அவரை எண்ணுவதற்கு என் வாதம் உரிமை தருகிறதா? தராது. இன்மையை அறிய எண்ணிக்கை போதும், ஆள் யாரென்று தெரிய வேண்டியதில்லை என்பது முதல் பதில். அது பாதி பதில்தான். எண்ணிக்கைக்குக்கூட இசையாதவர்கள் உண்டு. மீதி பதில், தகுதி என்ற நிபந்தனைக்கு இரண்டு பக்கங்கள் இருப்பது. காணும் எல்லையை விரிக்கலாம். விரிக்க முடியாத இடத்தில், விரிக்கக் கூடாத இடத்தில், சொல்லும் கூற்றைச் சுருக்கலாம். இரண்டும் நேர்மையே. கூகுள் குரோம் பிரவுசரிலிருந்து திரட்டி வெளியிடும் பொது அளவீட்டை எடுத்துக்கொள்வோம். தம் உலாவல் வரலாற்றை ஒத்திசைக்கவும் பயன்பாட்டுத் தகவலை அனுப்பவும் இசைந்த குரோம் பயனர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். ஐபோனில் உள்ள குரோம் அதில் சேராது. ஃபயர்பாக்ஸ், சஃபாரி சேராது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்று அது சொல்வது 75ஆவது பர்சென்டைலை வைத்து. நான்கில் ஒரு வருகை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் 'நல்லது' என்ற சொல் மாறாது. இவை எல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் அறிக்கை கைமாறும்போது வரம்புகள் உதிர்ந்து, 'நம் தளம் வேகமாக இருக்கிறது' என்ற ஒரு வரி மட்டும் மேலதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது.

அந்த வரியை இப்படி எழுதலாம்: 'இசைவு தந்த ஆண்ட்ராய்டு, கணினி குரோம் பயனர்களின் வருகைகளில் நான்கில் மூன்று 2.5 விநாடிக்குள் முதன்மைப் பகுதியைக் கண்டன. கேட்கப்பட்ட பக்கங்களில் இத்தனை சதவீதத்துக்கு எந்த அளவீடும் திரும்பிவரவில்லை. அவற்றைக் கேட்டவர்களைப் பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை.' நீளமான வரிதான், கூட்டத்தில் காட்ட அழகாக இருக்காது. ஆனால் அதில் உள்ள இரண்டாவது வாக்கியத்தின் எண்ணை அடுத்த மாதம் யாராவது கேட்பார்கள். அது ஏன் கூடியது என்று அதற்கடுத்த மாதம் கேட்பார்கள். டாஷ்போர்டின் முதல் வரிசையில், சராசரிக்கும் பர்சென்டைலுக்கும் பக்கத்தில், அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் ஒதுக்க இன்று எந்தக் கருவியிலும் தடை இல்லை.